சைகஸ்: குலம் பழையது, செடி புதியது

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் போகும் வழியில் உள்ள விடுதி வாசல்களிலும், புதிதாகக் கட்டிய வீடுகளின் முகப்பிலும் குட்டைப் பனை போல ஒரு செடி நிற்கும். நர்சரியில் கேட்டால் ‘சைகஸ்’ என்பார்கள், சிலர் ‘சேகோ பாம்’ என்பார்கள். கூடவே ‘டைனோசர் தின்ற செடி, 20 கோடி வருசமா மாறவே இல்லை’ என்றும் சொல்லி விலையைக் கூட்டுவார்கள். கைப்பேசியில் சுற்றும் செய்திகளும் இதையேதான் சொல்கின்றன.

இதில் பாதி உண்மை. சைகஸும் அதன் உறவுச் செடிகளும் சேர்ந்த குலம் டைனோசர்களுக்கும் மூத்தது. ஆனால் இன்று பூமியில் இருக்கும் சைகஸ் சிற்றினங்கள் பெரும்பாலும் டைனோசர்கள் அழிந்து ஐந்து கோடி ஆண்டுகள் கழிந்த பிறகு தோன்றியவை. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்பதையும், இந்தக் கரையில் இந்தச் செடியை வளர்ப்பவர்களுக்கு அதனால் என்ன என்பதையும் அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

எது கூம்பு, எது கூம்பு இல்லை

விதை தரும் தாவரங்களில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. பின்னர் விதையாகும் சூலைச் சூலகம் என்ற மூடிய அறைக்குள் வைத்துக் காப்பவை பூக்கும் தாவரங்கள். அந்த அறைதான் பின்னர் காயாகிறது. சூலை அறைக்குள் அடைக்காமல், செதில் மீதோ இலை விளிம்பிலோ திறந்தபடி வைப்பவை ஜிம்னோஸ்பெர்ம்கள். இவற்றுக்குப் பூவும் இல்லை, காயும் இல்லை. செதில்கள் அடுக்கடுக்காக ஓர் அச்சைச் சுற்றி அமைந்த உறுப்புதான் கூம்பு. பைன் போன்ற ஊசியிலை மரங்கள், ஜிங்கோ, நீட்டம் வகையினர், சைகஸ் வகையினர் என ஜிம்னோஸ்பெர்ம்களில் இன்று எஞ்சியிருப்பவை நான்கு கூட்டங்களே. இவற்றில் சைகஸ் கூட்டம் வெப்ப மண்டலத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் மட்டுமே வாழ்கிறது.

இராமநாதபுரம் கரையில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வர நியாயம் இருக்கிறது. கண்ணில் அன்றாடம் படும் மூன்று மரங்கள் கூம்பு உள்ளவை போலவோ சைகஸ் போலவோ தோன்றும். மூன்றுமே பூக்கும் தாவரங்கள்.

1. சவுக்கு. ஊசி இலை போல் தெரிவது உண்மையில் பச்சை நிறக் கிளை. ஒன்றை எடுத்து இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். கணுவைச் சுற்றிப் பல் போல இருக்கும் நுண்ணிய செதில்கள்தாம் இலைகள். கீழே உதிர்ந்து காலில் குத்தும் அந்தக் ‘கூம்பு’, பல பெண் பூக்கள் சேர்ந்து கட்டையாகிப்போன காய்த்தொகுதி. வாய் பிளந்த ஒவ்வோர் அறையிலும் சிறகுள்ள ஒரு காய் இருக்கும்.

2. தாழை. அன்னாசி போலத் தொங்குவது பல காய்கள் நெருக்கமாகச் சேர்ந்த திரள்கனி. தாழை ஒருவித்திலைத் தாவரம். உறவு முறையில் புல்லுக்கும் தென்னைக்கும் பக்கமே தவிர சைகஸுக்கு அல்ல.

3. பனை, தென்னை. கிளையில்லாத தண்டு, உச்சியில் இலைக்கொத்து என்ற தோற்றம் மட்டுமே சைகஸோடு ஒப்பு. ‘சேகோ பாம்’ என்ற பெயரில் உள்ள பனை வெறும் பெயர்ப்பனை. ஜவ்வரிசிக்கும் இந்தச் செடிக்கும் நம் ஊரில் எந்தத் தொடர்பும் இல்லை. சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் மாவு. தென்கிழக்காசியத் தீவுகளில் செய்யும் சேகோ வேறொரு பனையின் தண்டிலிருந்து வருகிறது.

சைகஸை உறுதியாக அடையாளம் காண ஒரே ஒரு சிற்றிலையைக் கிள்ளி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒற்றை நரம்பு ஓடும், பக்க நரம்பு ஒன்றுகூட இருக்காது. தென்னங்கீற்றில் நடு ஈர்க்கின் இருபுறமும் இணையாகப் பல நரம்புகள் தெரியும். துளிர் விடும்போது சைகஸின் சிற்றிலைகள் பெரணி போல உள்நோக்கிச் சுருண்டிருப்பது இன்னோர் அடையாளம்.

ஆணும் பெண்ணும், நீந்தும் விந்தும்

பனையில் இருப்பது போலவே சைகஸிலும் ஆண் தனிச் செடி, பெண் தனிச் செடி. ஆண் செடியின் உச்சியில் நீண்ட கூம்பு ஒன்று எழும். அதன் செதில்களின் அடிப்புறம் முழுக்க மகரந்தப் பைகள். பெண் செடியிலோ உண்மையான கூம்பே கிடையாது. உச்சியில் பழுப்பு நிறப் பஞ்சு போர்த்திய இலைகள் வட்டமாக விரியும், அவற்றின் ஓரங்களில் சூல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். இலைதான் விதை தாங்கும் உறுப்பாக மாறியது என்பதற்கு இன்றும் உயிரோடிருக்கும் சான்று இது. இதே கூட்டத்தின் மற்றக் குடும்பமான ஜாமியா வகைகளில் பெண்ணுக்கும் இறுக்கமான கூம்பு உண்டு. சைகஸ் பேரினம் (நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி) மட்டுமே இந்தப் பழைய அமைப்பை வைத்திருக்கிறது.

கூம்பு வரும்வரை ஆணா பெண்ணா என்று கண்ணால் சொல்ல முடியாது. விதையிலிருந்து வளர்த்த செடி கூம்பு விடப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். ஆகவே நாற்றைக் காட்டி ‘இது பெண் செடி’ என்று விற்பவரை நம்பத் தேவையில்லை. தாய்ச் செடியின் அடியில் முளைக்கும் பக்கக் குருத்தைப் பிரித்து நட்டால் மட்டும் தாய் ஆணோ பெண்ணோ அதுவே வரும்.

கருத்தரிக்கும் முறைதான் இதைவிட வியப்பானது. பூக்கும் தாவரங்களில் மகரந்தக் குழாய் வளர்ந்து ஆண் உயிரணுவைச் சூல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும், அந்த உயிரணுவால் நீந்த முடியாது. சைகஸில் மகரந்தக் குழாயின் முதல் வேலை வேறு: சூலின் திசுவுக்குள் வேர்போல் இறங்கி உணவை உறிஞ்சுகிறது. சில மாதங்கள் இப்படியே போகும். பிறகு அதன் அடிப்பகுதி பருத்து வெடித்து, சூலுக்குள் இருக்கும் ஒரு சிறு நீர்த்தேக்கத்தில் விந்தணுக்களை விடும். அவை ஆயிரக்கணக்கான இழைகளை அசைத்து நீந்திக் கருமுட்டையைச் சேரும். ஜாமியா வகைச் செடிகள் சிலவற்றில் இந்த விந்தணு ஏறத்தாழ 0.4 மி.மீ. அளவு இருக்கும். கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். தாவர உலகில் இதைவிடப் பெரிய விந்தணு இல்லை.

பாசியும் பெரணியும் விந்தணு நீந்த வெளியிலிருந்து தண்ணீர் வேண்டும் என்று காத்திருப்பவை. பூக்கும் தாவரங்களுக்கு அந்தத் தேவையே இல்லை. சைகஸ் நடுவில் நிற்கிறது: நீந்தும் விந்தணுவைக் கைவிடவில்லை, ஆனால் அதற்கான நீரைத் தன் சூலுக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொண்டது. ஜப்பானில் 1896-இல் ஹிராசே ஜிங்கோ மரத்திலும், அதே ஆண்டு இகேனோ சைகஸ் ரெவலூட்டாவிலும் இதைக் கண்டறிந்தனர். நம் வீட்டு வாசலில் நிற்பதும் பெரும்பாலும் அதே சைகஸ் ரெவலூட்டாதான். தெற்கு ஜப்பானின் தீவுகளும் அவற்றை ஒட்டிய பகுதிகளும் அதன் தாயகம்.

வயதுக் கணக்கு

சைகஸ் கூட்டத்தின் மிகப் பழைய தொல்லுயிர் எச்சங்களில் சில சீனாவின் பெர்மியன் காலப் பாறைகளில் கிடைத்தவை. வயது ஏறக்குறைய 27–28 கோடி ஆண்டு. முதல் டைனோசர்கள் தோன்றுவதற்கு நான்கு கோடி ஆண்டுகள் முந்தைய கணக்கு இது. அதன் பிறகு நெடுங்காலம் பூமி இன்றைவிட வெப்பமாக இருந்தது, சைகஸ் வகைகள் இன்றைய அண்டார்க்டிகா இருக்கும் நிலப்பகுதி வரைகூட வளர்ந்தன.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். டைனோசர் காலப் பாறைகளில் கிடைக்கும் ‘சைகஸ் இலை’களில் பெரும்பங்கு சைகஸே அல்ல. பென்னட்டிட்டேல்ஸ் என்ற வேறொரு கூட்டத்தின் இலைகள். பார்வைக்கு அச்சு அசல் சைகஸ். இலைத் தோலை உருப்பெருக்கியில் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். சைகஸில் இலைத்துளையின் காப்பு உயிரணுக்களும் அவற்றின் துணை உயிரணுக்களும் வெவ்வேறு தாய் உயிரணுக்களிலிருந்து பிறக்கும். பென்னட்டிட்டேல்ஸில் இரண்டும் ஒரே தாயிலிருந்து பிறக்கும். கூம்பும் முற்றிலும் வேறு. இந்தியத் தொல்தாவரவியலாளர் பீர்பல் சகானி, ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைகளின் எச்சங்களைக் கொண்டு 1932-இல் மீட்டமைத்துக் காட்டிய வில்லியம்சோனியா மரம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. இந்தக் கூட்டம் அடியோடு அழிந்துவிட்டது.

தமிழகத்திலும் இதற்குச் சான்று இருக்கிறது. பெரம்பலூர்ப் பக்கம் தெரணியின் களிமண் படிவுகளிலும், திருப்பெரும்புதூர்ப் படிவுகளிலும் டைலோஃபில்லம் என்ற பென்னட்டிட்டேல்ஸ் இலை அச்சுகள் கிடைக்கின்றன. தென்கண்டங்கள் ஒன்றாக இருந்த கோண்டுவானா நிலம் உடைந்து இந்தியா பிரியத் தொடங்கிய காலத்தில் உண்டான பள்ளங்களில் படிந்தவை அவை. அந்தப் பள்ளங்களில் ஒன்றான காவிரிப் படுகையின் தென்கோடிதான் இராமநாதபுரம். ஆனால் இங்கே டைனோசர் யுகத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேசியஸ் காலப் பாறைகள் பிற்கால மணலுக்கும் களிமண்ணுக்கும் வெகு ஆழத்தில் புதைந்து கிடக்கின்றன. எரிவாயுக் கிணறு தோண்டும் துரப்பணங்கள் மட்டுமே அவற்றைத் தொடுகின்றன. ஆகவே இந்தக் கரையில் கல்லைப் புரட்டித் தேடிப் பயனில்லை.

இனி இன்றைய சிற்றினங்களின் வயதுக்கு வருவோம். உலகில் இப்போது 10 பேரினங்களில் 350-க்கு மேற்பட்ட சைகஸ் வகைச் சிற்றினங்கள் உள்ளன. 2011-இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வந்த ஆய்வு, அவற்றில் ஏறத்தாழ 200 சிற்றினங்களின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டது. கணக்கின் அடிப்படை இது:

1. இரண்டு சிற்றினங்கள் பிரிந்த பிறகு ஒவ்வொன்றின் மரபணுவிலும் தனித்தனியாகச் சிறு மாற்றங்கள் சேரும். பிரிந்து நாள் கூடக் கூட வேறுபாடும் கூடும்.

2. வயது தெரிந்த தொல்லுயிர் எச்சங்களை நங்கூரமாக வைத்தால், எவ்வளவு வேறுபாட்டுக்கு எத்தனை கோடி ஆண்டு என்று மதிப்பிடலாம்.

3. அப்படிப் பார்த்தபோது, பேரினங்கள் பழையவை. பேரினங்களுக்குள் இருக்கும் சிற்றினங்களோ ஏறத்தாழ ஒரே காலகட்டத்தில், கடந்த 1.2 கோடி ஆண்டுகளுக்குள் பெருகியவை என்று தெரிந்தது.

டைனோசர்கள் மாண்டது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். வாசலில் நிற்கும் செடியின் சிற்றினம் அவற்றின் கண்ணில் பட்டிருக்க வழியே இல்லை. அந்த ஆய்வு சொன்ன காரணம் காலநிலை: பூமி குளிர்ந்து, மழைக்காலம் கோடைக்காலம் என்று பருவங்கள் பிரிந்து, காடுகள் துண்டாடப்பட்டபோது, தனித்தனியாக ஒதுங்கிய கூட்டங்கள் தனித்தனிச் சிற்றினங்களாயின. பின்வந்த ஆய்வுகள் சில கிளைகளின் வயதைக் கூட்டியும் குறைத்தும் திருத்தியிருக்கின்றன. ‘பழைய குலம், இளைய சிற்றினங்கள்’ என்ற அடிப்படைப் படம் மட்டும் நிற்கிறது.

இடையில் என்ன நடந்தது என்பதே உண்மையான கேள்வி. பழைய கிளைகளில் பெரும்பாலானவை அற்றுப்போயின. எஞ்சிய சில கிளைகளிலிருந்துதான் இன்றைய சிற்றினங்கள் துளிர்த்தன. ‘மாறாத செடி’ என்பதைவிட, ‘பேரழிவில் தப்பிய சிலரின் வாரிசுகள்’ என்பதே பொருந்தும்.

தப்பியவை எப்படித் தப்பின

1. வேரில் குடியிருக்கும் பாக்டீரியா. சைகஸின் சில வேர்கள் கீழ்நோக்கிப் போகாமல் மண்ணின் மேற்பரப்புக்கு வந்து, கவைகவையாகப் பிரிந்து, மன்னார் வளைகுடாவின் பவளக் கிளை போல முடிச்சுகளாகும். பாடநூல்களில் பவள வேர் என்று படிப்பது இதைத்தான். ஒன்றைக் குறுக்கே வெட்டினால் நீலப்பச்சை வளையம் தெரியும். நாஸ்டாக் போன்ற நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் அங்கே குடியிருந்து காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகின்றன. சவுக்கு வேர் முடிச்சில் ஃபிராங்கியா பாக்டீரியா செய்யும் வேலையும் இதேதான். ஏழை மணலில் இரண்டுமே தாக்குப்பிடிப்பதன் காரணங்களில் இது முதன்மையானது.

2023-இல் வெளியான ஓர் ஆய்வு, தொல்லுயிர் சைகஸ் இலைகளில் இருந்த நைட்ரஜனின் இரு ஐசோடோப்புகளின் (எடை மட்டும் வேறுபடும் அணு வகைகள்) விகிதத்தை அளந்தது. காற்றின் நைட்ரஜனைப் பாக்டீரியா வழியாகப் பெறும் செடியில் அந்த விகிதம் காற்றின் விகிதத்துக்கு நெருங்கியிருக்கும். மண்ணிலிருந்து பெறும் செடியில் மாறியிருக்கும். இன்று வாழும் பேரினங்களின் முன்னோர் இலைகளில் பாக்டீரியாவின் கைரேகை இருந்தது. வாரிசில்லாமல் அழிந்த கிளைகளின் இலைகளில் அது இல்லை. பூக்கும் தாவரங்கள் நல்ல மண்ணையெல்லாம் பிடித்துக்கொண்டபோது, சத்தில்லாத மண்ணில் ஒதுங்கி வாழத் தெரிந்த சைகஸ்கள் பிழைத்தன என்று இதை வாசிக்கலாம்.

2. பூச்சிகளோடு உடன்படிக்கை. பைனைப் போலக் காற்றை மட்டும் நம்பியவை அல்ல இவை. பெரும்பாலான வகைகளுக்குக் கூன்வண்டுகளோ, பிற சிறு வண்டுகளோ, இலைப்பேன்களோ மகரந்தம் சுமக்கின்றன. ஆண் கூம்பு நாளின் குறிப்பிட்ட நேரத்தில் தானாகவே சூடேறும், மணமும் கடுமையாகும். ஆஸ்திரேலிய மக்ரோஜாமியா வகையில் அந்தக் கடுமை தாங்காமல் மகரந்தம் ஒட்டிய இலைப்பேன்கள் வெளியேறி, மெல்லிய மணம் உள்ள பெண் கூம்புக்குப் போகின்றன. மியன்மாரின் 9.9 கோடி ஆண்டுப் பழைய அம்பரில் (கல்லாய் இறுகிய மரப்பிசின்) சைகஸ் மகரந்தத்தோடு சிக்கிய வண்டு ஒன்று கிடைத்திருக்கிறது. தேனீக்கள் பெருகும் முன்பே இந்த ஏற்பாடு நடப்பில் இருந்தது என்று அது காட்டுகிறது.

3. நஞ்சு. இலை, தண்டு, விதை எல்லாவற்றிலும் ‘சைகசின்’ என்ற நச்சுப்பொருள் உண்டு. 2022-இல் சீனத்துச் சைகஸ் சிற்றினம் ஒன்றின் மரபணுத்தொகுதியை முழுமையாகப் படித்தபோது, பூச்சிகளைக் கொல்லும் புரதம் ஒன்றின் மரபணு நுண்ணுயிரிகளிடமிருந்து சைகஸுக்கு வந்து சேர்ந்தது என்றும் தெரிந்தது.

கடலில் மிதந்த கிளை

சைகஸ் பேரினத்தில் ரம்ஃபியை கூட்டத்துக்கு மட்டும் ஒரு தனித்திறன் உண்டு. விதையின் உள்ளே பஞ்சு போன்ற அடுக்கு இருப்பதால் அது கடல்நீரில் மிதக்கும். தேங்காயும் தாழங்காய்த் துண்டும் கரை மாறுவது போல இந்த விதைகளும் நீரோட்டத்தோடு பயணித்தன. இதனால்தான் கிழக்கு ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் தொடங்கிப் பசிபிக்கின் ஃபிஜி, டோங்கா தீவுகள் வரை நெருங்கிய உறவுள்ள சைகஸ்கள் கடலோரங்களில் காணப்படுகின்றன. கண்டங்கள் பிரிந்ததால் சிதறியவை என்றால் அவற்றுக்கிடையே மரபணு வேறுபாடு மிகப் பெரிதாக இருந்திருக்கும். அப்படி இல்லை.

இதில் ஒரு நடைமுறைக் குறிப்பும் அடங்கியிருக்கிறது. விதையைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைச் சொத்தை என்று எறிவது நர்சரி வழக்கம். ரெவலூட்டாவுக்கு அது ஓரளவு சரி. ரம்ஃபியை கூட்டத்து விதைக்கு அந்தச் சோதனை பொருந்தாது, நல்ல விதையும் மிதக்கும்.

இந்தக் கரையில் வளர்க்கும்போது கெடுவது எங்கே

மண்டபம், பாம்பன், இராமேசுவரம் பக்கத்து மணலில் சிப்பியும் பவளத் துகளும் கலந்திருக்கும். சுண்ணாம்பு மிகுந்த கார மண். சைகஸ் உவர்க்காற்றை ஓரளவு தாங்கும், உப்பு மண்ணிலும் உடனே சாகாது. அதைப் படுத்தி எடுப்பது மாங்கனீசுக் குறைபாடு.

கார மண்ணில் மாங்கனீசு இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. புதிய இலைக்கொத்து வெளிறிய மஞ்சளாய், நுனி கருகி, நெருப்பில் காட்டியது போல் சுருண்டு வரும். பழைய இலைகள் பச்சையாகவே இருக்கும். பார்ப்பவர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார், அது வேறு கேட்டைக் கொண்டுவரும். செய்ய வேண்டியது:

1. மாங்கனீசு சல்பேட்டைச் சிறு செடிக்கு 25–30 கிராம் வீதம் தண்டிலிருந்து சற்றுத் தள்ளி மண்ணில் கலந்து நீர் விடுங்கள். பெரிய செடிக்கும் காரம் மிகுந்த மண்ணுக்கும் அளவு கூடும்.

2. புதிய கொத்து கிளம்பும்போது லிட்டருக்கு 1–2 கிராம் கரைத்து, மாலையில் இலைமீது தெளியுங்கள்.

3. கடையில் மக்னீசியம் சல்பேட்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள். பெயர் ஒலியால் நேரும் குழப்பம் இது. மக்னீசியக் குறைவில் மஞ்சளாவது பழைய இலைகள்.

4. சுருண்ட இலை மீண்டும் நிமிராது. அடுத்த கொத்து நன்றாக வரும்வரை அதை வெட்டவும் கூடாது, பச்சை மிச்சமிருக்கும் இலை செடிக்குச் சோறு போடுகிறது.

5. குழி நிரப்பச் சிப்பித்தூளோ கட்டட இடிபாடோ போடாதீர்கள். சிமென்ட் துண்டுகள் காரத்தை இன்னும் ஏற்றும்.

உள்பகுதியில், முதுகுளத்தூர், கமுதிப் பக்கக் கரிசலிலும் களிமண்ணிலும் பிரச்சினை நேர்மாறானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கினால் தண்டின் அடி அழுகும். அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கும், நடுக்குருத்து இழுத்தவுடன் கையோடு வரும். அந்த நிலைக்கு மருந்தில்லை. நடும்போதே ஓர் அடி உயர மண்மேடு கட்டி, தண்டின் கழுத்து மண்ணுக்கு மேலே இருக்கும்படி வைப்பதே வழி. வேர் முடிச்சுகள் மேலே தெரிந்தால் நோய் என்று நறுக்க வேண்டாம், மேலே சொன்ன பவள வேர் அது.

இளங்கொத்தை ஒரே வாரத்தில் மொட்டையடிப்பது சிறு நீல வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழு. சைகஸின் நஞ்சு அதை ஒன்றும் செய்வதில்லை. குருத்தில் எறும்புகள் ஏறி இறங்கினால் புழு இருக்கிறது என்று பொருள். புழு சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காக்கும். குருத்து எழும்பும் நாள் முதல் காலையில் பாருங்கள். முட்டைகளை நீரைப் பீய்ச்சிக் கழுவி, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் அடியுங்கள். இலை விறைத்துத் தடித்த பிறகு புழுவால் கடிக்க முடியாது, அதுவரை மட்டுமே காவல் தேவை.

இலையின் அடிப்புறம் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளைப் படலம் இருந்தால் அந்தச் செடியை வாங்காமல் திரும்புங்கள். தாய்லாந்துப் பக்கத்திலிருந்து பரவிய சைகஸ் செதில்பூச்சியாக இருக்கலாம். 2003-இல் குவாம் தீவை எட்டிய இந்தப் பூச்சி அங்கே காட்டுச் சைகஸ்களைப் பெருமளவில் கொன்றது. வேரிலும் ஒட்டிக்கொள்வதால் இலையை வெட்டி எறிந்தாலும் ஒழியாது.

பக்கக் குருத்தைப் பிரிப்பவர்கள் வெட்டுவாயை நிழலில் சில நாள் காயவிட்டு, இலைகளைக் கழித்து, மணலில் நட வேண்டும். ஈரக் காயத்தோடு நட்டால் அழுகும். விதை போடுபவர்கள் மேல்தோலைக் கையுறை போட்டு உரித்து, விதையைப் படுக்கை வசத்தில் பாதி மட்டும் புதைக்க வேண்டும். விதை கீழே விழும்போது கரு முதிர்ந்திருக்காது. மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

ஆடு, நாய், குழந்தை

சைகசின் தானாக நஞ்சாவதில்லை. குடலில் உள்ள பாக்டீரியாவின் நொதி அதிலிருக்கும் சர்க்கரையைப் பிரித்தெடுத்ததும் மிஞ்சும் பொருள்தான் ஈரலையும் மரபணுவையும் தாக்குகிறது. நாய்க்கு ஓரிரு விதை போதும். சில மணி நேரத்தில் வாந்தி, இரண்டு மூன்று நாளில் ஈரல் செயலிழப்பு. வாந்தி நின்றுவிட்டது என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது, ஈரல் சேதம் அதற்குப் பிறகுதான் தெரியவரும். மேய்ச்சல் மாடுகள் சைகஸ் வகை இலைகளைத் தொடர்ந்து தின்றால் பின்னங்கால்கள் தள்ளாடும், அது திரும்பாது. ஆட்டைக் கயிறில்லாமல் விடும் ஊர்களில் கோடையில் பச்சையாக நிற்பது இது ஒன்றாக இருந்தால், வேலி போட்டாக வேண்டும்.

ஆண் செடி அருகில் இல்லையென்றால் விதை பிடிக்காது, பயமில்லை என்று எண்ண வேண்டாம். கருத்தரிக்காத சூலும் பருத்துச் சிவக்கும். முளைக்காது, நஞ்சு மட்டும் இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் பெண் செடியின் சூல் இலைகளைச் சிவக்கும் முன்பே வெட்டி எடுத்துவிடலாம், செடிக்குக் கேடில்லை.

மலபாரில் ஈந்து என்று அழைக்கும் உள்ளூர்ச் சைகஸின் விதையை நறுக்கி, காயவைத்து, நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து மாவாக்கி உண்ணும் வழக்கம் உண்டு. சைகசின் நீரில் கரையும் என்பதால் அது சாத்தியமாகிறது. தலைமுறை தலைமுறையாகச் செய்து பழகியவர்களின் முறை அது. கேட்டறிந்து வீட்டில் முயல்வதற்கு உரியதல்ல. குவாம் தீவு மக்களிடையே கண்ட நரம்புச் சிதைவு நோய்க்குச் சைகஸ் மாவு காரணமா என்ற வாதம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. முடிவு எட்டப்படவில்லை.

மதனகாமப்பூவும் சட்டமும்

நாட்டு மருந்துக் கடைகளில் ஆண்மைக்கு என்று விற்கும் மதனகாமப்பூ பூவே அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சைகஸ் சர்சினாலிஸின் ஆண் கூம்பிலிருந்து பிரித்த செதில். ஆண் கூம்பை மகரந்தம் உதிரும் முன் வெட்டினால் அந்தப் பருவத்துக்குப் பெண் செடிகளில் விதை இல்லை, கூம்பில் வளரும் வண்டுகளுக்கும் இடமில்லை. பத்து ஆண்டுக்கு மேல் வளர்ந்து கூம்பு விடும் செடிக்கு இது சிறு இழப்பல்ல. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இந்தச் சிற்றினம் அருகிவரும் நிலையில் இருக்கிறது. சிற்றினங்கள் இளையவை என்ற கண்டுபிடிப்பு இங்கேதான் கனம் பெறுகிறது: 28 கோடி ஆண்டு தாக்குப்பிடித்தது குலம். இந்த மலையில் மட்டும் உள்ள சிற்றினத்துக்கு அந்த நீண்ட அனுபவம் எந்தக் காப்பீடும் தராது. தென்னாப்பிரிக்காவின் என்செபலார்ட்டாஸ் வுடியை என்ற வகையில் 1895-இல் கண்டெடுத்தது ஒரே ஓர் ஆண் மரம்தான். இன்றுவரை பெண் கிடைக்கவில்லை. உலகத் தோட்டங்களில் இருப்பவை எல்லாம் அந்த ஒரே மரத்தின் குருத்துகள்.

திருப்பதி, கடப்பை மலைகளின் சைகஸ் பெட்டோமி 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2022 திருத்தத்துக்குப் பின் அது மூன்றாம் அட்டவணையில் உள்ளது. காட்டிலிருந்து எடுப்பதும் உரிமமின்றி வளர்ப்பதும் விற்பதும் குற்றம். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் அது முதல் பிற்சேர்க்கையிலும், சைகஸ் பேரினத்தின் மற்ற எல்லாச் சிற்றினங்களும் இரண்டாம் பிற்சேர்க்கையிலும் உள்ளன. ஆகவே நர்சரி ரெவலூட்டாவை உள்ளூரில் வாங்கி விற்கத் தடையில்லை. நாடு கடந்து கொண்டுபோக, அது கைப்பையில் அடங்கும் நாற்றானாலும், சைட்டீஸ் சான்று வேண்டும். அடித்தண்டு தடித்து, வேர் வெட்டுப்பட்டு, இலைத்தழும்புகள் ஒழுங்கில்லாமல், பையில் வளர்ந்த தடமே இல்லாமல் மலிவாக வரும் பெரிய செடி காட்டிலிருந்து பெயர்த்ததாக இருக்கலாம். அதைக் கேள்வி கேட்காமல் வாங்கக் கூடாது.